சாண்டோ பனியனும் சில புத்தகங்களும்

கடையில் கையில்லாத பனியனைச் 'சாண்டோ பனியன்' என்று கேட்டு வாங்கிய தலைமுறை நாம். தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் 'சாண்டோ' என்ற பட்டம் இருந்ததும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் 1867-ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்த யூஜின் சாண்டோ என்பதும், மேடையில் பளு தூக்கியதோடு நிற்காமல் அவர் புத்தகங்களும் எழுதினார் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்காது. இன்று ஜிம்முக்குப் போகும் பேரப்பிள்ளைகள் வாங்கும் புத்தகங்களுக்கெல்லாம் அவை மூத்த அண்ணன்மார்.

காலை நடைக்கு வரும் நண்பர்கள் என்னிடம் இரண்டு கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். "பேரன் பளு தூக்கப் போகிறான் சார், அவனுக்கு எந்தப் புத்தகம் வாங்கித் தரலாம்?" என்பது ஒன்று. "டாக்டர் என்னையே காலுக்குப் பலம் ஏற்று என்கிறார், நம் வயதுக்குப் புத்தகம் ஏதாவது உண்டா?" என்பது இன்னொன்று. இரண்டு பேருக்கும் ஒரே புத்தகத்தைச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது இந்தப் புத்தகங்களின் வரலாற்றைப் பார்த்தால் தெரியும்.

வஸ்தாதின் கண்

புத்தகம் வருவதற்கு முன் தேகப்பயிற்சிக்கு ஆள்தான் ஆசான். நம் ஊர்களில் வஸ்தாது இருந்தார். புதிதாக வரும் பையனை ஏற இறங்கப் பார்ப்பார். இவனுக்கு இன்ன கரலாக்கட்டை, இத்தனை தண்டால், இத்தனை பஸ்கி என்று சொல்வார். மூச்சு வாங்கினால் நிறுத்தச் சொல்வார். மறுநாள் வலி என்றால் குறைப்பார். வயதையும் பழக்கத்தையும் அவர் கண்ணே எடை போட்டுவிடும்.

ஐரோப்பாவிலும் நிலைமை அதுதான். 1840-களில் பாரிஸில் ஹிப்போலித் த்ரியா என்பவர் பெரிய தேகப்பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். அங்கேயும் ஆசிரியரின் குரல் கேட்டுத்தான் இரும்புக் கம்பியைத் தூக்கினார்கள்.

அச்சிட்ட புத்தகம் வந்ததும் இந்த முறை மாறியது. எழுதியவர் லண்டனிலோ பாரிஸிலோ இருக்கிறார்; படிப்பவர் எங்கோ இருக்கிறார். படிப்பவருக்குப் பதினைந்து வயதா, ஐம்பத்தைந்தா, முதுகு வலி உண்டா, ஏற்கெனவே பழக்கமா என்று எழுதியவருக்குத் தெரியாது. வஸ்தாதின் கண் செய்த வேலையைக் காகிதத்தில் எப்படிச் செய்வது? நல்ல புத்தகத்தையும் மற்றதையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விக்கு அது வைத்திருக்கும் பதில்தான்.

சாண்டோவின் அட்டவணை

சாண்டோ 1897-ல் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பெயர் 'ஸ்ட்ரெங்த் அண்ட் ஹவ் டு அப்டெய்ன் இட்'. பலமும் அதை அடையும் வழியும் என்று பொருள் கொள்ளலாம். அதில் எனக்குப் பிடித்த பகுதி அவருடைய படங்கள் அல்ல, அட்டவணைகள். ஏழிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று, பத்திலிருந்து பன்னிரண்டுக்கு ஒன்று, அதற்கு மேல் பையன்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, பதினேழு வயதுக்கு மேல் பெரியவர்களுக்கு என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு பயிற்சியையும் எத்தனை தடவை செய்வது, எத்தனை நாளுக்கு ஒரு முறை ஒன்றைக் கூட்டுவது என்று கட்டம் கட்டிக் கொடுத்திருப்பார். அரசாங்க குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு அதைப் பார்த்ததும் சம்பள விகிதப் பட்டியலும் வருடாந்தர இன்கிரிமெண்டும்தான் ஞாபகம் வந்தன.

அவர் கொடுத்த எடைகள் மிகவும் லேசானவை, சில பவுண்டு டம்பெல்ஸ்தான். மேடையில் ஆளைத் தூக்கும் மனிதர், புத்தகத்தில் இப்படி இறங்கி வந்ததில் வியாபாரமும் உண்டு. டம்பெல்ஸையும் அவர் விற்றார். ஆனாலும் முன்பின் தெரியாத வாசகனுக்குக் கனமான இரும்பைச் சிபாரிசு செய்யாத நிதானம் அதில் இருந்தது.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். பதினேழு வயதுக்கு மேல் எல்லோரும் 'பெரியவர்கள்' என்று ஒரே கட்டத்தில் வந்துவிடுகிறார்கள். இருபது வயது வாலிபனும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒன்று. பிள்ளைகளுக்கு இத்தனை படிகள் வைத்தவர், முதுமைக்கு ஒரு படிகூட வைக்கவில்லை. அந்த இடம் நிரம்ப ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

இந்தப் புத்தகத்துக்கு ஒரு இலக்கியப் பெருமையும் உண்டு. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-ல் வெளியிட்ட 'யுலிஸஸ்' நாவலின் நாயகன் லியோபோல்ட் புளூம் வீட்டு அலமாரியில் சாண்டோவின் புத்தகம் இருக்கிறது. முப்பத்தெட்டு வயதான புளூம், விட்டுப்போன சாண்டோ பயிற்சியை மறுபடி தொடங்க வேண்டும் என்று காலையில் நினைத்துக்கொள்வார். புத்தகம் அலமாரியிலும் உடம்பு நாற்காலியிலும் இருக்கும் வழக்கம் அப்போதே வந்துவிட்டது.

பிரான்ஸில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர்

சாண்டோ பிறந்த அதே 1867-ல் பிரான்ஸின் லில் நகரில் பிறந்தவர் எத்மோன் தெபோனே. பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இவருடைய எழுத்தை மொழிபெயர்ப்பின் துணையின்றிப் படிக்க முடிந்தது. 1885-ல் லில் நகரில் பயிற்சிப் பள்ளி தொடங்கிப் பிறகு பாரிஸுக்கு வந்தார். 1904-ல் 'லா கூல்த்யூர் ஃபிசீக்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தேகக் கலாசாரம் என்று பொருள். தொப்பை விழுந்த கனவான்களையும் அலுவலகக்காரர்களையும் தன் பள்ளிகளுக்கு வரவழைத்து, அளந்து பார்த்து, லேசான டம்பெல்ஸ் கொடுத்துத் தேற்றினார்.

அவர் 1911-ல் எழுதிய 'லே ருவா த லா ஃபோர்ஸ்', அதாவது பலத்தின் அரசர்கள், வேறு வகை. அப்போலோன் என்ற மேடைப் பெயர் கொண்ட லூயி யுனி போன்ற பலசாலிகளின் கதைகள் அதில் உண்டு. அப்போலோனின் பெயரால் இன்றும் பேசப்படும் ரயில் சக்கர அச்சு 166 கிலோ எடை. கைப்பிடிக்குள் அடங்காத தடிமன். அதைத் தலைக்கு மேல் உயர்த்தியவர்கள் மிகச் சிலர். ஷார்ல் ரிகுலோ 1930-ல் செய்தார்.

இப்படிப்பட்ட நூலை ராமாயணத்தில் அனுமன் மலையைத் தூக்கிய கதை கேட்பதுபோல் படிக்க வேண்டும். கேட்டால் உற்சாகம் வரும். மறுநாள் காலை மலையைத் தேடிப் போகக் கூடாது. இன்றைய உலக சாம்பியன்களின் வாழ்க்கை நூல்களுக்கும் இதே விதிதான். பலசாலியின் கதை வேறு, பயிற்சி நூல் வேறு. வாங்கும்போது பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சாண்டோவின் முறையில் லேசான எடையை அதிகத் தடவை தூக்குவார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அதில் பலம் கூடாது. 1902-ல் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் என்பவர் 'மைலோ பார்பெல்' கம்பெனியைத் தொடங்கி, எடையைக் கூட்டவும் குறைக்கவும் வசதியான கம்பிகளைத் தபாலில் விற்றார். பெயர் கிரேக்க மல்லன் மைலோவினுடையது. ஒரு கன்றுக்குட்டியை அவன் தினமும் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தூக்கினானாம்.

கதை எப்படியோ, அதில் உள்ள தத்துவம் சரி. இன்று தூக்கியதைவிட அடுத்த முறை சிறிதளவு கூட வேண்டும். கால்வர்ட் 1914-ல் 'ஸ்ட்ரெங்த்' என்ற பத்திரிகையும், 1924-ல் 'சூப்பர் ஸ்ட்ரெங்த்' என்ற நூலும் கொண்டுவந்தார். வயதைக் கணக்கில் எடுத்தவர் சாண்டோ என்றால், பழக்கத்தைக் கணக்கில் எடுக்க வழி செய்தவர் கால்வர்ட்.

நம் பக்கத்திலும் இந்தக் காற்று வீசியது. பெங்களூரில் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்திய கே.வி. ஐயர் 1930-ல் 'மஸில் கல்ட்', 1936-ல் 'பெர்ஃபெக்ட் பிஸீக்' என்ற நூல்களை ஆங்கிலத்தில் எழுதினார். தபால் வழியாகவும் பாடம் நடத்தினார். பார்பெல்லோடு சூரிய நமஸ்காரத்தையும் சேர்த்தது அவர் வழி. சூரிய நமஸ்காரத்தை நாடு முழுவதும் பரப்பிய அவுந்த் சமஸ்தானத்து ராஜாவும் முதலில் சாண்டோ முறையைப் பல வருடம் செய்து பார்த்தவர்தான்.

மருத்துவமனையில் கிடைத்த அளவுகோல்

இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் கால் மெலிந்து கிடந்தார்கள். அவர்களுக்குக் கனமான எடையைக் கொடுத்துப் பார்த்தவர் டாக்டர் தாமஸ் டிலார்ம். இளம் வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, பிறகு பளு தூக்கியே தன்னைத் தேற்றிக்கொண்டவர் அவர். 1945-ல் தன் அனுபவத்தை மருத்துவ இதழில் எழுதினார். 1951-ல் டாக்டர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதைப் புத்தகமாக்கினார்.

அவருடைய முறை எளிது. ஒருவரால் சரியாகப் பத்துத் தடவை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டுபிடிப்பார்கள். பிறகு அதில் பாதியைப் பத்துத் தடவை, முக்காலைப் பத்துத் தடவை, முழுசைப் பத்துத் தடவை. சில நாள் கழித்து மறுபடி அளப்பார்கள்.

இதில் உள்ள பெரிய மாற்றத்தைக் கவனியுங்கள். எடை இத்தனை பவுண்டு என்று புத்தகம் சொல்லவில்லை. உன்னால் எவ்வளவு முடிகிறது என்று அளந்து, அதிலிருந்து தொடங்கு என்கிறது. அடிபட்ட காலுக்கு இரண்டு கிலோ, நல்ல காலுக்கு இருபது கிலோ என்றால் அப்படியே. வஸ்தாதின் கண் செய்த வேலையைச் செய்யும் அளவுகோல் ஒன்று காகிதத்தில் கிடைத்துவிட்டது. இன்று பிசியோதெரபிஸ்டுகள் 'பத்துத் தடவை, மூன்று செட்' என்று எழுதிக் கொடுப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

தொண்ணூறு வயது மாணவர்கள்

இவ்வளவு நடந்தும் வயதானவர்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை. கிழவர்களுக்கு நடைதான், இரும்பு ஆபத்து என்பதே பொது எண்ணம். அதை அசைத்தது 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு. டாக்டர் மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சராசரி வயது தொண்ணூறு. எட்டு வாரம் தொடைத் தசைக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவும் பேருக்கு அல்ல, அவரவர் சக்திக்குக் கனமான எடை. ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்கள் தசைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

ஒன்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 'இந்த வயதுக்கு மேல் தசை கேட்காது' என்ற பேச்சு அதோடு அடங்கியது. இதற்குச் சற்று முன் 1989-ல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அறிஞர், வயதோடு தசை கரைவதற்குச் 'சார்கோபீனியா' என்று பெயர் சூட்டியிருந்தார். பெயர் வைத்தால்தான் கோப்பு திறப்பார்கள் என்பது அலுவலகத்தில் மட்டுமல்ல, மருத்துவத்திலும் உண்மை போலிருக்கிறது. 1994-ல் மிரியம் நெல்சன் குழுவினர் ஐம்பதிலிருந்து எழுபது வயதுப் பெண்களுக்கு ஒரு வருடம் பயிற்சி கொடுத்து, எலும்பின் அடர்த்தி காக்கப்படுவதைக் காட்டினார்கள். 1997-ல் அவர் 'ஸ்ட்ராங் விமன் ஸ்டே யங்' என்று பொதுமக்களுக்கான புத்தகமாக எழுதினார். சாண்டோ காலியாக விட்ட கட்டம் நூறு வருடம் கழித்து நிரம்பியது.

இது எனக்கு ஏட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. நம் ஓய்வூதியர் கூட்டங்களில் நாற்காலியை விட்டு எழும்போது பாருங்கள். எத்தனை பேர் கைப்பிடியை ஊன்றாமல் எழுகிறோம்? குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையே கதியானவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொடையில் பலம் இருந்தால் தானாக எழலாம், தானாகக் கழிவறைக்குப் போகலாம். நம் வயதில் பலம் என்றால் மார்பு அகலம் அல்ல, இந்தச் சுதந்திரம்தான்.

இப்போது எதை வாங்குவது?

வயது வேறு, பழக்கம் வேறு. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எழுபது வயதில் முதன்முதலாக டம்பெல் எடுப்பவர் ஆரம்ப வகுப்பு மாணவர்தான். இருபத்திரண்டு வயதில் ஐந்து வருடம் ஒழுங்காகத் தூக்கியவன் மேல் வகுப்பு.

பதின்மூன்றிலிருந்து பதினேழு வயதுப் பையனோ பெண்ணோ என்றால், கிரேமரும் ஃப்ளெக்கும் 1993-ல் எழுதிய 'ஸ்ட்ரெங்த் டிரெய்னிங் ஃபார் யங் அத்லெட்ஸ்' அந்த வயதுக்கென்றே எழுதப்பட்டது. முறையான கற்பித்தலும் மேற்பார்வையும் இருந்தால் பிள்ளைகளும் இந்தப் பயிற்சி செய்யலாம் என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. ஆனால் புத்தகத்தோடு ஆளும் வேண்டும். 'யார் அதிகம் தூக்குவது' என்ற பந்தயம் அந்த வயதில் கூடாது.

இருபது, முப்பது வயதில் புதிதாகத் தொடங்குபவருக்கு மார்க் ரிப்பட்டோ 2005-ல் வெளியிட்ட 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' பொருந்தும். ஒருசில அடிப்படைத் தூக்குதல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பாதம் எங்கே, முதுகு எப்படி என்று பக்கம் பக்கமாக விளக்குகிறது. கூடவே பிரெடெரிக் தெலாவியே 1998-ல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலையும் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெங்த் டிரெய்னிங் அனாட்டமி' என்று கிடைக்கிறது. எந்த அசைவில் எந்தத் தசை வேலை செய்கிறது என்று தோலை உரித்துக் காட்டியது போன்ற படங்கள். ஆனால் அது அகராதி மாதிரி. அகராதியை வைத்துக்கொண்டு மொழி கற்க முடியாது, சந்தேகம் வந்தால் புரட்டலாம்.

பேரன் கேட்பது பெரும்பாலும் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகரின் 1985-ஆம் வருடத்து 'என்சைக்ளோபீடியா'வாக இருக்கும். தலையணை அளவு புத்தகம், படங்கள் அருமை. அதில் உள்ள கடும் அட்டவணைகளைத் தொடங்கிய மாதமே பின்பற்றினால் பையன் இரண்டு வாரத்தில் ஓய்ந்துபோவான். வாங்கிக் கொடுங்கள், மூன்று வருடம் கழித்து.

சில வருடம் பழகியவருக்கு, அதே ரிப்பட்டோ 2006-ல் கொண்டுவந்த 'பிராக்டிகல் புரோகிராமிங்' உதவும். ஆரம்ப நிலை, இடைநிலை, உயர்நிலை என்பதை இவ்வளவு கிலோ என்று அது பிரிக்கவில்லை. உடம்பு எவ்வளவு நாளில் தேறி முன்னேறுகிறது என்று பார்க்கிறது. புதியவர் ஒவ்வொரு பயிற்சியிலும் எடை கூட்ட முடியும், இடைநிலைக்காரர் வாரத்துக்கு ஒருமுறை, மேல்நிலைக்காரருக்கு மாதமோ அதற்கு மேலோ ஆகும். இது நல்ல அளவுகோல். பில் பேர்ல் 1986-ல் எழுதிய 'கெட்டிங் ஸ்ட்ராங்கர்' பல விளையாட்டுகளுக்குத் தனித்தனிப் பயிற்சி தருகிறது. விளையாட்டு வீரருக்கு ஏற்றது.

ஐம்பது, அறுபது தாண்டிப் புதிதாகத் தொடங்குபவருக்கு மிரியம் நெல்சனின் புத்தகம். தலைப்பில் பெண்கள் என்றிருந்தாலும் ஆண்கள் படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. வீட்டிலேயே, வாரம் இரண்டு முறை செய்யக்கூடியது. முன்பே பார்பெல் பழகியவர்களும் நல்ல பயிற்றுநர் கிடைத்தவர்களும் சல்லிவனும் பேக்கரும் 2016-ல் எழுதிய 'தி பார்பெல் பிரிஸ்கிரிப்ஷன்' நூலைப் பார்க்கலாம். நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே எழுதியது. எழுதியவர்களில் சல்லிவன் மருத்துவர்.

நான் சொன்ன எதுவும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. கடையில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான்கு விஷயத்தைத் தேடுங்கள். இது யாருக்காக எழுதப்பட்டது என்று முதல் அத்தியாயத்தில் சொல்லியிருக்கிறதா? தொடங்கும் எடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இருக்கிறதா? எப்போது, எவ்வளவு கூட்டுவது என்று இருக்கிறதா? எப்போது நிறுத்துவது, ஓய்வு எத்தனை நாள் என்று இருக்கிறதா? நான்கும் இருந்தால் அட்டைப்படம் எப்படி இருந்தாலும் வாங்கலாம். அட்டையில் பிரமாதமான புஜங்களும் உள்ளே இந்த நான்கும் இல்லாமலும் இருந்தால், திரும்ப அடுக்கில் வைத்துவிடுங்கள்.

ரத்த அழுத்தம், குடலிறக்கம், சமீபத்திய கண் அறுவை, மாற்று மூட்டு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, எல்லாப் பெரியவர்களும் வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி தர வேண்டும் என்பது. அறுபத்தைந்துக்கு மேல் இருப்பவர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. சமநிலைப் பயிற்சியும் சேர்த்து வாரம் மூன்று நாள் செய்யச் சொல்கிறார்கள்.

புத்தகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுவரோரம் உறுதியான நாற்காலி ஒன்றைப் போட்டு, கையை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஐந்து என்றால் ஐந்து. டாக்டர் டிலார்ம் செய்ததும் அதுதான், முதலில் அளந்தார். அடுத்த வாரம் அது ஆறானால், உங்கள் கன்றுக்குட்டி வளரத் தொடங்கிவிட்டது.